மண்புழு பூச்சியான கதை: ஒரு செய்திமடலின் தலைப்புக் கோளாறு

மண்புழு உரம் தயாரிப்பது பற்றி வீட்டுத்தோட்ட இணையக் குழு ஒன்றின் உறுப்பினர் ஒருவர் பொறுமையாக, படிப்படியாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அந்த வாரச் செய்திமடலில் அது ‘பூச்சி–நோய்’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. “மண்புழுவை ஒழிப்பது எப்படி என்றா நான் எழுதினேன்?” என்று அவர் கேட்டார். நிர்வாகிகள் குழுவின் தளத்தைத் திறந்து பார்த்தார்கள். அங்கே அந்தக் குறிப்பு ‘தோட்டக் குறிப்பு’ பகுதியில் இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது. தங்களுக்கு வந்த மடலையும் பார்த்தார்கள். அதிலும் சரியாக இருந்தது. “எங்களுக்குச் சரியாகத்தானே வந்திருக்கிறது” என்று பதில் போட்டுவிட்டு விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

இதே பதில் வேறு பலருக்கும் போனது. புகார் மட்டும் நிற்கவில்லை. ‘விதைப் பரிமாற்றம்’ என்ற தலைப்பின் கீழ் இலைக்கருகல் நோய் வந்தது, ‘ஜன்னல் தோட்டம்’ என்ற தலைப்பின் கீழ் “விதை தேவை” என்ற கோரிக்கை வந்தது. ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அடுத்த வாரம் குழம்பும், அதற்கடுத்த வாரம் மறுபடி ஒழுங்காகிவிடும். குழுவில் இல்லாத ஒருவர் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டபோது இதுதான் நிலைமை.

பின்னணி

இது வீட்டுத்தோட்ட ஆர்வலர்களின் இணையக் குழு. உறுப்பினர்கள் எழுதுவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வாரம் ஒரு மின்னஞ்சலாகப் போகும். நெடுங்காலமாக ஆறு பகுதிகள்: அறிவிப்பு, கேள்வி–பதில், செயல்முறை, தோட்டக் குறிப்பு, பூச்சி–நோய், விதைப் பரிமாற்றம். பிறகு ‘ஜன்னல் தோட்டம்’ என்று ஏழாவதாக ஒன்று சேர்ந்தது. எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்ளலாம். ஜன்னல் தோட்டத்தை மட்டும், புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தானாகவே வரும்படியும், பழையவர்கள் விரும்பினால் தேர்ந்துகொள்ளும்படியும் வைத்திருந்தார்கள். பழையவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். கோளாறு அத்தனை காலம் ஒளிந்திருக்க வழி செய்ததும் அந்த ஏற்பாடுதான்.

முதல் சந்தேகம், வழக்கம்போல, ஆட்கள் மேல்

உறுப்பினர்கள் தவறான பகுதியில் எழுதுகிறார்கள் என்பதே நிர்வாகிகளின் முதல் கணிப்பு. அதை அடியோடு தள்ளிவிட முடியாது. எந்தக் குழுவிலும் கேள்வியைக் கொண்டுபோய் அறிவிப்பில் போடுகிறவர்கள் இருப்பார்கள். கவனமாக வகைப்படுத்திய தொகுப்புகளிலேயே பிழை உண்டு. கணினிக்குப் படங்களை அடையாளம் காணக் கற்றுத்தரவும் சோதிக்கவும் உலகமெங்கும் பயன்படுகிற இமேஜ்நெட் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சரிபார்ப்புப் பகுதியில் குறைந்தது 6 சதவீதப் பெயர்ச்சீட்டுகள் தவறு என்று 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அங்கேயே அப்படியென்றால் தோட்டக்காரர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் மனிதர் செய்யும் வகைப்பிழை ஓரளவு சிதறலாக இருக்கும். ஒருவர் கேள்வியை அறிவிப்பில் போட்டால் இன்னொருவர் அறிவிப்பைக் குறிப்பில் போடுவார். இங்கே நடந்தது வேறு. மடலில் இடம் மாறி வந்ததாகச் சொல்லப்பட்ட பதிவுகளைத் தளத்தில் தேடினால் அநேகமாக எல்லாமே சரியான பகுதியில்தான் இருந்தன. அதாவது பொருள் சரியான பெட்டியில் இருக்கிறது, பெட்டியின் மேல் எழுதியிருப்பதுதான் தவறு. இரண்டும் படிப்பவருக்கு ஒரேமாதிரி தோன்றினாலும் மருந்து வேறு வேறு.

இதைப் பிரித்துப் பார்க்காததால் ஒரு சேதமும் நடந்தது. புகார் வந்த சில பதிவுகளை, “சரி, அவர்கள் கேட்கிறபடியே மாற்றிவிடுவோம்” என்று நிர்வாகிகள் வேறு பகுதிக்கு நகர்த்தியிருந்தார்கள். சரியாக இருந்தவை அதற்குப் பிறகு உண்மையிலேயே தவறான இடத்துக்குப் போய்விட்டன. காரணம் தெரியும்வரை எந்தப் பதிவையும் நகர்த்த வேண்டாம் என்பதுதான் நான் முதலில் கேட்டுக்கொண்டது. இருக்கிற குழப்பத்தின் மேல் புதிய குழப்பம் ஏறினால் அப்புறம் எதை நம்பி ஆராய்வது?

கிடைக்காத சாட்சி

மடல் ஒவ்வொருவருக்கும் அவரவர் தேர்வின்படி தனித்தனியாகத் தயாராகிறது. அனுப்பிய பிரதிகள் எங்கும் சேமிக்கப்படவில்லை. மடலை உருவாக்கும் வார்ப்பான டெம்ப்ளேட் மட்டும்தான் கையில் இருந்தது. ஆகவே புகார் சொன்னவர்களிடமே மடலைத் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணமாக ‘ஃபார்வர்டு’ செய்தால் பயன் குறைவு. அனுப்பும் செயலி உள்ளடக்கத்தை மறுபடி தன் பாணியில் அடுக்கிவிடும், முகப்புத் தகவல்கள் (யார், எப்போது, எந்த வழியாக அனுப்பியது என்பவை) உதிர்ந்துவிடும். மூல மடலை அப்படியே கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஜிமெயிலில் ‘அசல் செய்தியைக் காட்டு’ என்ற வசதி வழியே அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். சிலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள், சிலர் எரிச்சலோடு மறுத்தார்கள், சிலர் சொன்னபடியே கோப்பை அனுப்பினார்கள்.

அந்தக் கோப்புகளில்தான் முதல் திறப்பு கிடைத்தது. இத்தகைய மடல்கள் பெரும்பாலும் இரட்டைப் பிரதியாகப் போகும். ஒரே மடலுக்குள் அலங்காரமில்லாத வெற்று எழுத்து வடிவம் ஒன்று, வண்ணமும் படமும் கொண்ட ஹெச்.டி.எம்.எல். வடிவம் ஒன்று. 1996-இல் வகுத்த மின்னஞ்சல் தரமே இதற்கு வழி செய்திருக்கிறது. படிக்கும் செயலி தன்னால் காட்ட முடிந்ததில் சிறந்ததைக் காட்டும். அதனால் நம்மில் பெரும்பாலோர் வெற்று வடிவத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மண்புழுக் குறிப்பு வந்த மடலின் வெற்று வடிவத்தைத் திறந்தால், பதிவின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘தோட்டக் குறிப்பு’ என்று சரியாக இருக்கிறது. அதே மடலின் ஹெச்.டி.எம்.எல். வடிவத்தில் ‘பூச்சி–நோய்’.

இதற்குமேல் உறுப்பினர்களைச் சந்தேகிக்க இடமில்லை. தரவுத்தளத்தையும் விட்டுவிடலாம். ஹெச்.டி.எம்.எல். டெம்ப்ளேட்டுக்குள் எங்கோதான் தலைப்பு மாறுகிறது.

சிதறல்போல் தெரிந்த ஒழுங்கு

கிடைத்த மடல்களையெல்லாம் சேர்த்து ஒரு கட்டம் போட்டேன். இடப்பக்கம் உண்மைப் பகுதி, மேலே மடலில் வந்த தலைப்பு. பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. தோட்டக் குறிப்பு ஒரு மடலில் ‘பூச்சி–நோய்’ ஆகியிருக்கிறது, இன்னொன்றில் ‘விதைப் பரிமாற்றம்’ ஆகியிருக்கிறது, மற்றொன்றில் ‘ஜன்னல் தோட்டம்’.

மொத்தமாகச் சேர்த்ததுதான் கண்ணை மறைத்திருக்கிறது. மடலுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாகப் போட்டதும் கதை மாறியது. ஒவ்வொரு மடலிலும் அறிவிப்பு, கேள்வி–பதில், செயல்முறை மூன்றும் சரி. அதற்குக் கீழே ஒவ்வொரு பகுதியும் தனக்கு அடுத்த பகுதியின் பெயரை வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மடலில் ‘பூச்சி–நோய்’ பதிவே இல்லையென்றால் தோட்டக் குறிப்புக்கு அடுத்தது விதைப் பரிமாற்றம். அதனால்தான் பெயர்கள் வாரத்துக்கு வாரம் மாறின. இரண்டு விஷயங்கள் மட்டும் மாறவே இல்லை. குழம்பிய மடல் எல்லாவற்றிலும் ஜன்னல் தோட்டப் பதிவு இருந்தது. ஜன்னல் தோட்டம் இல்லாத மடல் எதிலும் குழப்பமில்லை.

நிர்வாகிகள் எல்லாருமே பழைய உறுப்பினர்கள். ஜன்னல் தோட்டத்தை யாரும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. மடல் கிளம்புமுன் சோதித்துப் பார்ப்பதும் அவர்கள் கணக்கில்தான். கோளாறைச் சரிசெய்யும் இடத்தில் இருந்த ஒருவர் கண்ணுக்கும் அது ஒருமுறைகூடப் படவில்லை. புகார் சொன்னவர்களோ பெரும்பாலும் புதியவர்கள். “புதுசா வந்தவங்க, இன்னும் பழகலை” என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! யார் புகார் செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தால்கூட விஷயம் பாதி வெளிப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணம்: அகரவரிசை ஒன்றல்ல, இரண்டு

நிரலைத் திறந்தபோது காரணம் கண்முன்னே இருந்தது. மடலுக்குப் பகுதிவாரியாகப் பதிவுகளை எடுத்து வருவது தரவுத்தளம். அது பெயர்களைப் பைட் வரிசையில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமித்துவைக்கும் எண்களின் வரிசையில், அடுக்குகிறது. யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் பைட் வரிசை என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொது அட்டவணையான யூனிகோடின் எண் வரிசை என்றே பொருள். மடலின் உச்சியில் ‘இந்த வாரம்’ என்று பகுதிப் பெயர்களின் சிறு பட்டியல் ஒன்று வரும். அதைத் தமிழ் அகராதி வரிசையில் அடுக்கியிருந்தார்கள், படிப்பவருக்கு அதுதானே இயல்பு. பிறகு எப்போதோ, அந்தப் பட்டியலையே கீழே தலைப்புகளுக்கும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முதல் பதிவுக்கூட்டத்துக்கு முதல் பெயர், இரண்டாவதற்கு இரண்டாவது பெயர் என்று. மாணவர் பெயர்களை ஒரு தாளிலும் மதிப்பெண்களை வேறொரு தாளிலும் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற மாதிரி. யாரும் புதிதாகச் சேராதவரை ஒரு சிக்கலும் வராது.

பழைய ஆறு பெயர்களும் அ, க, ச, த, ப, வ என்று தொடங்குபவை. இரண்டு வரிசையிலும் அவற்றுக்கு ஒரே ஒழுங்குதான். ஏழாவது வந்தது ‘ஜ’வில். அகராதி வழக்கில் கிரந்த எழுத்துகள் னகரத்துக்குப் பிறகு, கடைசியில் நிற்கும். யூனிகோடு அட்டவணையில் அப்படியில்லை. இந்திய எழுத்துமுறைகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அமைப்பை ஒட்டி இடம் ஒதுக்கியதால், ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தரவுத்தளம் ஜன்னல் தோட்டத்தை நான்காவதாகக் கொடுத்தது, தலைப்புப் பட்டியல் அதைக் கடைசியில் வைத்தது. நான்காவது முதல் எல்லாப் பெயரும் ஒரு படி நகர்ந்தது. கடைசியில் இருந்த விதைப் பரிமாற்றம் ‘ஜன்னல் தோட்டம்’ என்ற பெயரில் போனது.

பதிவு இல்லாத பகுதிகளையும் உறுப்பினர் வேண்டாம் என்றவற்றையும் இரண்டு பட்டியலிலிருந்தும் ஒழுங்காக நீக்கியிருந்தார்கள். அந்த அக்கறையால்தான் ஜன்னல் தோட்டம் இல்லாத வாரங்களில் எல்லாம் சரியாகப் போனது.

பெயரைச் ‘சாளரத் தோட்டம்’ என்று மாற்றிவிட்டால் போதுமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். உண்மைதான், சகரத்தில் தொடங்கினால் இரண்டு வரிசையும் பொருந்திவிடும். தனித்தமிழ்ப் பற்றால் தீர்ந்துபோகும் மென்பொருள் பிழையை நான் அதற்குமுன் கண்டதில்லை! ஆனால் அது தீர்வல்ல. யூனிகோடு அட்டவணையில் றகரம் ரகரத்தை அடுத்தே வருகிறது, ழகரம் அதற்குப் பிறகுதான். நம் நெடுங்கணக்கில் ழ முன்னே, ற பின்னே. நாளைக்கே ‘பழச்செடிகள்’, ‘பறவைகள்’ என்று இரண்டு பகுதி தொடங்கினால், ஒரு கிரந்த எழுத்துகூட இல்லாமல் இதே கோளாறு திரும்பி வந்து நிற்கும்.

ஏன் யாரும் எண்களில் காணவில்லை

எண்களைப் பார்த்து முடிவெடுக்கிற குழுதான் இது. எண்களும் அவர்களை ஏமாற்றின.

மடலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை அவர்கள் முன்பே கைவிட்டிருந்தார்கள், அது சரியான முடிவு. மடலிலுள்ள ஒரு படம் இறங்குவதை வைத்தே அதைத் திறந்ததாக எண்ணுவார்கள். 2021 செப்டம்பரில் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 15-உடன் வந்த ஆப்பிளின் மின்னஞ்சல் அந்தரங்கக் காப்பு, படங்களை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்கிறது. அந்த வசதியை இயக்கியவர் மடலைத் திறக்காவிட்டாலும் திறந்ததாகவே பதிவாகும். எனவே எந்தப் பகுதியில் எத்தனை கிளிக் என்பதை மட்டும் பார்த்துவந்தார்கள். ஆனால் கிளிக்கை எண்ணும் இணைப்பில் பகுதியின் பெயராக ஒட்டியிருந்தது அதே தவறான தலைப்பு!

விதைப் பரிமாற்றம்தான் அந்தக் குழுவின் உயிர்நாடி. ஏறக்குறைய எல்லா வாரமும் பதிவு இருக்கும், எல்லாரும் சொடுக்குவார்கள். அந்தக் கிளிக்குகள் ஜன்னல் தோட்டத்தின் கணக்கில் ஏறின. புதிய பகுதி பிரமாதமாக ஓடுகிறது என்று நிர்வாகிகள் மகிழ்ந்தார்கள், அதில் நிறைய எழுதும்படி உறுப்பினர்களை ஊக்கப்படுத்தினார்கள். எழுதினார்கள். ஜன்னல் தோட்டம் இல்லாத வாரங்கள் அருகிப்போயின, எப்போதாவது வந்துகொண்டிருந்த கோளாறு வாராவாரம் வரத் தொடங்கியது. என்னைக் கேட்டால் இந்த வழக்கின் மோசமான பகுதி இதுதான். பிழை தனக்குத் தானே தீனி போட்டு வளர்ந்தது.

இன்னொரு பக்கம், அது தன் தடயத்தையும் அழித்தது. விதைக் கோரிக்கைகளில் ஆர்வமில்லாத ஒருவர், அவை ‘ஜன்னல் தோட்டம்’ என்ற தலைப்பின் கீழ் வருவதைப் பார்த்து அந்தப் பகுதியை நிறுத்துகிறார். ஜன்னல் தோட்டம் போனதும் அவர் மடல் முழுக்கச் சரியாகிவிடுகிறது. ஆனால் விதைக் கோரிக்கைகள் நிற்கவில்லை, இப்போது தம் சொந்தப் பெயரில் வருகின்றன. “நிறுத்தினால் பெயரை மாற்றி அனுப்புகிறீர்களா?” என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் நிலையில் வேறென்ன நினைக்க முடியும்? எழுதாதவர்கள் சிலர் ஸ்பேம் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். யார் அழுத்தினார்கள் என்று ஜிமெயில் சொல்லாது, மொத்த விகிதத்தை மட்டும் காட்டும். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கூகுள் விதிகளின்படி அந்த விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும், மீறினால் மடல்கள் உள்பெட்டிக்குப் போய்ச் சேர்வதே சிரமம். இந்தக் குழு அந்த எல்லையைத் தொடவில்லை.

புகார் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் மடலின் கீழ்ப்பகுதியை ஜிமெயில் மடித்து வைத்துவிடும், முழுதும் பார்க்க ஓர் இணைப்பைச் சொடுக்க வேண்டும். யூ.டி.எஃப்-8இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், மேலே அலங்காரக் குறிகள் வேறு. பதிவுகள் நிறைந்த வாரங்களில் மடல் அந்த எல்லையைத் தாண்டியது. தவறான தலைப்புகளோ எப்போதும் கீழ்ப் பாதியில். பலர் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டார்கள்.

செய்தவை

நிரலில் மாற்றம் சிறியது. தலைப்பைத் தனிப் பட்டியலிலிருந்து எடுப்பதை நிறுத்தி, ஒவ்வொரு பதிவுக்கூட்டமும் தன் பகுதியின் அடையாள எண்ணைக் கூடவே கொண்டுவரும்படியும், பெயர் அந்த எண்ணைக் கொண்டே எடுக்கப்படும்படியும் செய்தோம். வெற்று எழுத்து வடிவம் முதலிலிருந்தே அப்படித்தான் வேலை செய்தது. இரண்டு பட்டியலையும் ஒரே வரிசையில் அடுக்கினாலும் உடனடித் தொல்லை தீர்ந்திருக்கும், ஆனால் அடுத்து யாராவது ஒன்றை மட்டும் மாற்றும் நாள்வரைதான் அது நிற்கும். கிளிக் கணக்கிலும் பெயருக்குப் பதில் எண்ணையே வைத்தோம்.

போன மடலைத் திருத்த முடியாது. நல்லவேளையாக, இணைப்புகள் எல்லாம் சரியான பதிவுக்கே போயின, தலைப்பு மட்டும்தான் தவறு. ஆகவே எல்லாருக்கும் மன்னிப்பு மடல் அனுப்புவதை நான் ஆதரிக்கவில்லை. பாதிக்கப்படாத பழைய உறுப்பினர்களுக்கு அது வெறும் சத்தம். ஜன்னல் தோட்டம் தொடங்கிய பிறகு அதைப் பெற்றவர்களுக்கு மட்டும் நான்கு வரியில் ஒரு விளக்கம் போனது: தலைப்புகள் இடம் மாறியிருந்தன, இப்போது சரி, அந்தக் காலத்தில் ஏதாவது பகுதியை நிறுத்தியிருந்தால் உங்கள் தேர்வை ஒருமுறை பாருங்கள். மடலே வேண்டாம் என்று விலகியவர்களுக்கு இதையும் அனுப்பவில்லை. விளக்கம் சொல்லத்தானே என்று அவர்கள் பெட்டிக்குள் மறுபடி நுழைவது சரியல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிர்வாகிகள் நகர்த்திய பதிவுகளைத் திருத்த வரலாற்றைப் பார்த்துத் திரும்ப வைத்தார்கள். மண்புழுக்காரருக்குத் தலைமை நிர்வாகி தனியாக எழுதினார். “ஐயா, நீங்கள் முதல் நாளே சரியாகத்தான் சொன்னீர்கள்” என்று தொடங்கிய அந்தக் கடிதம், வாரா வாரம் அனுப்புமுன் தம் மடலையும் ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டது. அவர் ஒப்புக்கொண்டார்.

சோதனைக்கு இனி நிர்வாகிகளின் கணக்கு மட்டும் போதாது. எல்லாப் பகுதியும் பெறும் ஒரு கணக்கு, புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைக்கும் இயல்பான தேர்வோடு ஒரு கணக்கு, ஒரே ஒரு பகுதி மட்டும் பெறும் ஒரு கணக்கு என்று மூன்று சேர்ந்தன. சோதனைத் தரவில் ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்றிருந்த பொம்மைப் பெயர்களை எடுத்துவிட்டு, ‘ஜாடி’, ‘பழம்’, ‘பறவை’, ‘ஸ்பிரே’ என்று வரிசைக்கு அடங்காத பெயர்களாகப் போட்டோம்.

பழைய கிளிக் கணக்கை மீட்பதில் பாதிதான் முடிந்தது. இணைப்பு எந்தப் பதிவுக்குப் போனது என்ற பதிவேடு இருந்த மாதங்களுக்கு உண்மையான பகுதியை மறுபடி கணக்கிட்டோம், மற்ற மாதங்களை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டோம். திருத்திய கணக்கில் ஜன்னல் தோட்டம் கடைசியிலிருந்து இரண்டாவது. அதை மூடுவதா வேண்டாமா என்று குழுவில் பேச்சு எழுந்தது. அதில் எழுதுகிறவர்கள் இதற்குள் ஒரு சிறு கூட்டமாகச் சேர்ந்துவிட்டிருந்ததால், இருக்கட்டும் என்று முடிவானது.